கூந்தலுக்குள் ஒளிந்திருந்தது

அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசி ஒரு வாரமாகிவிட்டது.

எல்லாம் ரவுடியால் வந்தது. ரவுடி, அத்தை தெருவிலிருந்து தூக்கிவந்து வளர்த்த நாய். சோஃபாவில் ஓர் உண்ணி ஊர்ந்து போனதை அம்மா பார்த்ததும், "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று போன வாரம் சொல்லிவிட்டாள். அத்தை அப்பாவின் தங்கை, அதே வீட்டில் இருந்தவள். அவள் கால்நடை டாக்டர். ரவுடியையும் ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டு தன் கிளினிக்குக்கே போய்விட்டாள். அங்கேயே உள்ளறையில் படுக்கை.

அப்பா டவுன் பஸ் ஓட்டுகிறவர். அவ்வளவு பெரிய வண்டியைச் சந்துக்குள் திருப்பத் தெரிந்தவருக்கு, மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார், படுத்தார்.

கோபத்தை வாய்விட்டுச் சொன்னது ஒன்பது வயது மகள் மட்டும்தான். உருண்டையான முகம், ஓரிடத்தில் நிற்காமல் உருண்டோடும் குணம், அதனால் பட்டாணி. "ரவுடி திரும்பி வர்ற வரைக்கும் என் தலையைத் தொடாதே" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

இது சாதாரண தண்டனை இல்லை. அம்மா வீட்டின் முன்னறையில் பார்லர் நடத்துகிறாள். இடுப்புவரை தொங்கும் பட்டாணியின் முடிதான் அந்தக் கடைக்கு விளம்பரப் பலகை. பிறந்ததிலிருந்து அம்மாவின் கை படாமல் அது ஒரு நாள்கூட இருந்ததில்லை. இந்த ஒரு வாரமாகப் பட்டாணி தானே அதைச் சுருட்டிக் கொத்தாக ஒரு கொண்டை போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அம்மாவும் பிடிவாதக்காரி. "எத்தனை நாளைக்குன்னு பாக்குறேன்" என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்குக் காலையில் பட்டாணி கட்டிலிலிருந்து இறங்கினாள். கால்கள் அவளோடு இறங்கவில்லை.

தொப்பென்று விழுந்த சத்தம் பார்லர்வரை கேட்டது. அம்மா அப்போதுதான் ஒரு டீச்சரின் தலைக்கு டை பூசிக்கொண்டிருந்தாள்.

"என்னடி அங்க சத்தம்?"

"அம்மா, கால் எழுந்திரிக்க மாட்டேங்குது."

"கால் எழுந்திரிக்கலையா, நீ எழுந்திரிக்கலையா? இன்னிக்குக் கணக்கு டெஸ்ட்தானே?"

பதில் வரவில்லை. பட்டாணியிடமிருந்து பதில் வராமல் இருந்தது அதுவே முதல் தடவை. அம்மா கையுறையோடு ஓடினாள்.

மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல. அம்மா தூக்கி நிறுத்தினாள். முழங்கால் துணிபோல மடங்கியது. கிள்ளிப் பார்த்தாள்.

"ஸ்ஸ்... வலிக்குதும்மா!"

வலிக்கிறது. ஆனால் கால் விலகவில்லை. கிள்ளிய கையிலிருந்து தன்னை இழுத்துக்கொள்ளக்கூட அந்தக் காலுக்குத் தெரியவில்லை.

நேற்று மாலை மாடிப்படியில் பட்டாணி இரண்டு முறை தடுமாறியது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "கண்ணைப் பிடரியிலயா வச்சிருக்கே?" என்று அதட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருந்தாள்.

டீச்சர் எட்டிப் பார்த்தார். பாதித் தலை கறுப்பு, பாதித் தலை வெள்ளை. "என் கார் வாசல்லதான் நிக்குது. தூக்குங்க" என்றார்.

"உங்க தலை..."

"தலை கிடக்குது, பிள்ளையைத் தூக்குங்க!"

டை பூசிய முடியின்மேல் பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிக்கொண்டு டீச்சர் கார் ஓட்டினார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்சீட்டில் அம்மாவின் மடியில் படுத்திருந்த பட்டாணிக்கே அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு குழறியது. நாக்கு தடித்தவள்போல, "டீஷ்ஷர் தொப்பி" என்றாள்.

"இன்னும் வேகமாப் போங்க டீச்சர்" என்றாள் அம்மா.

*

ஊரெல்லாம் கொசுக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. அதற்கு எதிராக அம்மா ஒரு போரே நடத்தியிருந்தாள். பூந்தொட்டிக்கு அடியிலிருக்கும் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் பெட்டி, மொட்டைமாடியில் கிடந்த உடைந்த வாளி, எதிலும் ஒரு சொட்டு நிற்கவிடவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, ஜன்னலுக்கெல்லாம் வலை, மகளுக்கு முழுக்கைச் சட்டை. இத்தனையையும் தாண்டி எது உள்ளே வந்தது?

"ஜுரம் இல்லை. துளிகூட இல்லை" என்றார் குழந்தைகள் டாக்டர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த அம்மாள். சின்ன ரப்பர் சுத்தியலால் பட்டாணியின் முழங்காலுக்குக் கீழே தட்டினார். எல்லாக் குழந்தைகளுக்கும் துள்ளும் கால் அது. துள்ளவில்லை. அடுத்த காலும் துள்ளவில்லை.

"எனக்குத் தட்டினா நல்லா எகிறும்" என்றாள் பட்டாணி குழறலாக. "ஷ்கூல்ல காட்டுவேன்."

"திரும்பவும் காட்டலாம்டா கண்ணு" என்றார் டாக்டர். அம்மாவை வெளியே அழைத்துவந்ததும் அவர் குரல் மாறியது.

"கால்ல ஆரம்பிச்சிருக்கு. இப்ப கையிலயும் வலு குறையுது. பேச்சும் குழறுது. இது மேல ஏறிக்கிட்டே போகுது. நரம்பு சம்பந்தப்பட்ட ஒண்ணு ரெண்டு வியாதி இப்படி வரும். டெஸ்ட் எடுக்கணும். ஆனா என் கவலை அது இல்லை."

"பின்ன?"

"நெஞ்சு வரைக்கும் ஏறிடுச்சுன்னா மூச்சு விட முடியாது. மெஷின் வைக்கணும். தயாராத்தான் வச்சிருக்கோம். நீங்களும் தயாரா இருங்க."

அம்மா கதவின் கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தாள். காலையில் கணக்கு டெஸ்ட்டுக்கு நடிக்கிறாள் என்று நினைத்த பிள்ளை.

அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். கடைசி நிறுத்தத்தில் வண்டியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். ஃபோனை வைத்த பிறகும் விரல் அதன்மேலேயே நின்றது. ஒரு வாரமாகத் தொடாத ஓர் எண் அதில் இருந்தது. ரோஷம் ஒரு பக்கம் இழுத்தது. உள்ளே படுக்கையில் பட்டாணி மூச்சை எண்ணி எண்ணி விடுவதுபோல விட்டுக்கொண்டிருந்தாள்.

அழுத்தினாள்.

"டாக்டரம்மா..." என்று ஆரம்பித்தாள். சண்டை போட்ட நாளில் நக்கலாகச் சொன்ன அதே வார்த்தை. இப்போது அது அழுகையாக வந்தது.

"அண்ணி? யாருக்கு என்ன?"

சொன்னாள். மறுமுனையில் ஒரு நாய் குரைத்தது, யாரோ கதவைச் சாத்தினார்கள். பிறகு அத்தையின் குரல் மட்டும்.

"ஜுரம் இருக்கா?"

"இல்ல."

"கிள்ளினா தெரியுதா?"

"தெரியுது. ஆனா காலை அசைக்க முடியல."

"பாதத்துல ஆரம்பிச்சு மேல ஏறுதா?"

"ஆமா. டாக்டரும் அதையேதான் சொல்றாங்க. ஏன், என்ன அது?"

மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கியது.

"அண்ணி, கோபப்படாதீங்க. கன்னுக்குட்டிங்க இப்படி விழுந்து பாத்திருக்கேன். ஒரு தடவை நாய் ஒண்ணு. பிள்ளைங்களுக்கும் வரும், ரொம்ப அபூர்வம். டாக்டர்கிட்ட சொல்லுங்க. உடம்பு பூரா தேடச் சொல்லுங்க. அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னாடி, தலைமுடி. நான் கிளம்பிட்டேன்."

"என்னத்தைத் தேடணும்?"

"உண்ணி."

உங்க நாய், உங்க நாய்தான் என்று தொண்டைவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அதை விழுங்கினாள்.

"சீக்கிரம் வா" என்றாள்.

*

"உண்ணியா?" குழந்தைகள் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "படிச்சிருக்கேன். பரீட்சைக்குக்கூட எழுதியிருக்கேன். இத்தனை வருஷத்துல கண்ணால பாத்ததில்லை." எழுந்துவிட்டார். "தேடிப் பாக்குறதுல என்ன நஷ்டம்? சிஸ்டர், திரையை இழுங்க."

உடம்பு முழுவதும் பார்த்தார்கள். கைமடிப்பு, முழங்காலின் பின்பக்கம், தொப்புள், காதுமடல். ஒரு கொசுக்கடியின் தழும்புகூட இல்லை. அம்மாவின் போர் அவ்வளவு சுத்தம்.

அத்தை வந்தபோது அவள் மேலங்கியில் நாய்முடி ஒட்டியிருந்தது. அப்பாவும் பின்னாலேயே வந்தார், காக்கிச் சட்டையோடு, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. பட்டாணி அத்தையைப் பார்த்து எதையோ சொல்ல முயன்றாள். "ர" என்பது மட்டும்தான் கேட்டது. ரவுடியைத்தான் கேட்கிறாள் என்று எல்லாருக்கும் புரிந்தது.

"நல்லா இருக்கான்டி. உன்னைத்தான் கேட்டான்" என்றாள் அத்தை.

அவளும் தேடினாள். நெற்றியோரம், பிடரி, காதைச் சுற்றி. விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். அந்த முடி ஒரு காடு. விலக்க விலக்க மூடிக்கொண்டது. அத்தையின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"இல்லையோ, பாப்பா?" என்று கேட்டார் அப்பா. அவருக்குத் தங்கை இன்னும் பாப்பாதான்.

"தெரியலண்ணா. ஒருவேளை நான்தான் தப்பா..."

டாக்டர் பட்டாணியின் மார்பைக் கவனித்துக்கொண்டிருந்தார். மேலும் கீழுமாக அசைந்த அது இப்போது லேசாகத்தான் அசைந்தது. "மூச்சு ஆழம் குறையுது. ரொம்ப நேரம் காத்திருக்க முடியாது. மொட்டை அடிச்சுப் பாத்துடலாமா?"

"கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றாள் அம்மா.

அவள் குரலில் அழுகை இல்லை. கடையில் வேலை செய்யும்போது வரும் குரல் அது. கைகளைக் கழுவித் துடைத்தாள். மகளின் தலைமாட்டில் மண்டியிட்டாள். நர்ஸிடமிருந்து ஒரு சீப்பை வாங்கி, அதன் முனையால் உச்சியிலிருந்து ஒரு வகிடு எடுத்தாள். டை பூசும்போது எப்படிப் பிரிப்பாளோ அப்படி, முடியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கிளிப் போட்டாள்.

"லைட் காட்டட்டுமா அண்ணி?"

"வேண்டாம். இவ முடி அடர்த்தி. இதுல கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது."

கண்களை மூடிக்கொண்டாள். பத்து விரல் நுனிகளும் தோலின்மேல் நகர்ந்தன. அப்பா தொப்பியைக் கசக்குவதை நிறுத்திவிட்டார். ஒரு பாத்தி முடிந்தது. அடுத்தது. இடது காதுக்கு மேலே. ஒன்றுமில்லை. பின்மண்டை. ஒன்றுமில்லை. ஒரு வாரமாகச் சீப்புப் படாமல் சிக்கு விழுந்திருந்த இடம், கொண்டை அழுத்திக்கொண்டிருந்த இடம் வந்தது. அங்கே சிக்கை இழுத்துப் பிரிக்கவில்லை. நூலிழை நூலிழையாகத் தளர்த்தி, விரலை உள்ளே விட்டாள்.

விரல் நின்றது.

"இங்க ஒண்ணு இருக்கு. மச்சம் இல்ல. என் பிள்ளைக்கு இங்க மச்சம் கிடையாது."

அத்தை குனிந்து முடியை விலக்கினாள். அங்கே இருந்தது. சாம்பல் நிறத்தில், ஊறவைத்த ஒரு பயறு அளவில், உப்பிப் பளபளத்துக்கொண்டு. தலையைத் தோலுக்குள் புதைத்துவிட்டு, யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராததுபோல அமைதியாக உட்கார்ந்திருந்தது.

"இதுவா?" என்றார் அப்பா. அவரால் நம்ப முடியவில்லை. "இத்தனூண்டா?"

அம்மா நகத்தைக் கொண்டுபோனாள்.

"தொடாதீங்க அண்ணி! நசுக்கினா அது உள்ள இருக்கிறதெல்லாம் இவ ரத்தத்துல போயிடும். எண்ணெய் ஊத்துறது, சூடு வைக்கிறது, எதுவும் கூடாது." அத்தை பையைத் திறந்து மெல்லிய முனையுள்ள இடுக்கியை எடுத்தாள். எடுத்தவள் டாக்டரைப் பார்த்துத் தயங்கினாள். "நீங்க எடுக்குறீங்களா?"

"உங்க கைக்குத்தான் இது பழக்கம். எடுங்க. நான் இவ மூச்சைப் பாத்துக்கிறேன்."

அம்மா முடியை விலக்கிப் பிடித்துக்கொண்டாள். அத்தை உப்பிய வயிற்றைத் தொடாமல், தோலோடு ஒட்டிய இடத்தில், வாய்ப்பக்கமாக இடுக்கியை வைத்தாள். திருகவில்லை. வெடுக்கென்று இழுக்கவும் இல்லை. ஒரே சீராக, நேர்மேலாக இழுத்தாள். தோல் கூடாரம்போலக் கொஞ்சம் எழும்பியது. இருவர் தலையும் முட்டும் அளவுக்குக் கிட்டே இருந்தன. ஒரு வாரமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் ஒரே மூச்சை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

தோல் பட்டென்று தணிந்தது. உண்ணி இடுக்கியில் இருந்தது, வாய் உடையாமல், முழுசாக. எட்டுக் கால்களையும் காற்றில் மெதுவாக அசைத்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதான். இனி நாம பண்ணுறதுக்கு எதுவும் இல்ல. காத்திருக்கணும்."

*

காத்திருப்பதைப்போல நீளமான வேலை உலகத்தில் இல்லை. மெஷின் படுக்கைக்குப் பக்கத்திலேயே நின்றது. டாக்டர் போவதும் வருவதுமாக இருந்தார். கடித்த இடத்தைச் சுத்தம் செய்த நர்ஸ், அப்படி ஒன்றைத் தானும் பார்க்க வேண்டும் என்று வந்த மற்ற நர்ஸ்களிடம் மூடிய கண்ணாடிக் குப்பியைக் காட்டினாள்.

நடுப்பகலில் எதுவும் மாறவில்லை. வெயில் சாய ஆரம்பித்தது.

அம்மா மகளின் சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வேறென்ன செய்வது என்று கைக்குத் தெரியவில்லை.

"அம்மா" என்று குரல் வந்தது. "இழுக்காதே. வலிக்குது."

தெளிவாக வந்தது. "ஷ" இல்லை, குழறல் இல்லை. அம்மாவின் கை அப்படியே நின்றது. அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுடி!"

"முடியை இழுக்காதேன்னேன். டீச்சர் தலை என்னாச்சு?"

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

காலிலிருந்து மேலே ஏறிய அது, மேலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தது. முதலில் பேச்சு. பிறகு மூச்சு, மெஷினைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார் டாக்டர். பிறகு விரல்கள். பட்டாணி தன் கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்து மூடித் திறந்தாள், புதிதாக வாங்கிய கையைச் சோதிப்பதுபோல. ஜன்னல் வெயில் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தபோது, போர்வைக்குள் கட்டைவிரல் அசைந்தது.

அதை முதலில் பார்த்தவர் டாக்டர்தான். சுத்தியலை எடுத்து முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் எகிறியது. பெரிய எகிறல் இல்லை. தூக்கத்தில் இருக்கும் பூனைக்குட்டி உதைப்பதுபோல ஒரு சின்ன உதை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் தட்டினார். மறுபடியும் எகிறியது.

"இதைப் படிச்சப்போ நம்பாமலேயே படிச்சேன்" என்றார். "எந்த மருந்தும் குடுக்கலை. ஒரு ஊசி போடலை. எடுத்தோம், அவ்வளவுதான்." பட்டாணியின் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அம்மா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். பட்டாணி இருவர் தோளிலும் கை போட்டுத் தரையில் நின்றாள். முழங்கால்கள் நடுங்கின. ஆனால் நின்றன. அவள் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள்.

"வந்துடுச்சு" என்றாள் மெதுவாக, வெளியூர் போனவர்கள் திரும்பியதைச் சொல்வதுபோல.

அவள் தலைக்கு மேலாக அம்மா அத்தையைப் பார்த்தாள். "ரவுடியைக் கூட்டிட்டு வீட்டுக்கு வந்துடு" என்றாள். "நீயும் வா."

"உண்ணியோடவா?" என்று சிரித்தாள் அத்தை. கண்ணில் நீர் நின்றது.

"அதுக்குத்தான் கேக்குறேன். அதை என்ன பண்ணணும்னு எனக்குச் சொல்லிக் குடு. தண்ணியைக் கவிழ்த்தா கொசு போயிடும்னு தெரியும். இதைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

*

ஆஸ்பத்திரி லேபில் மைக்ராஸ்கோப் இருந்தது. குப்பியைக் கொண்டுபோய், டாக்டர் முதலில் பார்த்தார், பிறகு அத்தை, பிறகு அம்மா. அப்பா பட்டாணியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

அம்மா கண்ணை வைத்ததும் பின்வாங்கினாள். மறுபடி வைத்தாள். மகளைக் கொல்லப் பார்த்த ஒன்றை அருவருப்போடு பார்க்கத்தான் குனிந்திருந்தாள். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. ரம்பத்தின் பற்கள்போல வரிசையாக முள் வைத்த வாய். கணுக்கணுவான கால்கள்.

"முன்னங்கால் நுனியைப் பாருங்க அண்ணி. சின்னதா ஒரு குழி தெரியுதா? அதுதான் அதுக்கு மூக்கு. புல்லு நுனியில ஏறி நின்னுக்கிட்டு அந்தக் காலை நீட்டிக்கிட்டே இருக்கும். சாப்பாடு இல்லாம மாசக்கணக்கா காத்திருக்கும். நம்ம மூச்சு, உடம்புச் சூடு, எது பட்டாலும் போதும். நாம உரசிட்டுப் போறப்போ ஒட்டிக்கும்."

"குதிக்காதா? பறக்காதா?"

"ரெண்டும் கிடையாது. தெள்ளுப்பூச்சிதான் குதிக்கும். இதுக்கு நாமதான் கிட்டப் போகணும். அதனாலதான் புல்லுக்குள்ள போய்ட்டு வந்தா துணியை மாத்தணும், உடம்பைத் தேடணும். அன்னிக்கே பாத்து எடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. பெட்டை உண்ணி நாலஞ்சு நாள் குடிச்ச பிறகுதான் அந்த விஷம் வேலை செய்யும்."

நாலஞ்சு நாள். கொண்டைக்குள். அம்மா மகளின் தலையில் கை வைத்தாள். பட்டாணி இந்த முறை விலகவில்லை.

அத்தை மறுபடியும் குனிந்து பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"ஆனா அண்ணி, ரவுடிக்கு மாசாமாசம் மருந்து போடுறேன். அவன்மேல உக்காந்தா அது செத்துப்போகும். அதோட நாய்மேல சாதாரணமா இருக்கிறது வெறும் பழுப்பு. இதுக்கு முதுகுல பாருங்க, வெள்ளி ஜரிகை போட்ட மாதிரி. இது காட்டோரம் உயரமா வளர்ந்த புல்லுல இருக்கிற ஜாதி. நம்ம தெருவுல வர வழியே இல்ல."

அம்மா நிமிர்ந்தாள். "சோஃபாவுல நான் பாத்ததுக்கும் முதுகு வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"அப்படின்னா அதையும் ரவுடி கொண்டுவரலை."

"பின்ன யாரு கொண்டுவந்தது?"

எல்லாரும் பட்டாணியைப் பார்த்தார்கள். பட்டாணி அப்பாவைப் பார்த்தாள். அப்பா, தரையில் ஓடிய ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றாள் பட்டாணி.

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"என்னங்க?" என்றாள் அம்மா. "போன வாரம் லீவு நாள்ல டெப்போவைச் சுத்திக் காட்டுறேன்னுதானே இவளைக் கூட்டிட்டுப் போனீங்க?"

அப்பா தொண்டையைச் செருமினார். கடைசியில் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, பெரியண்ணன் உயிரோட இருக்கான்."

அத்தையின் கையிலிருந்த கண்ணாடிக் குப்பி மேஜையில் விழுந்து உருண்டது. அப்பாவுக்கும் அவளுக்கும் மூத்தவர், அவர்களுடைய பெரிய அண்ணன். அத்தை காலேஜில் சேர்ந்த வருஷம் அவளோடு சண்டை போட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போனவர். எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றே தெரியாமல் அவள் இத்தனை வருஷமும் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"மலையடிவாரத்துல, காட்டை ஒட்டி ஒரு ஷெட்டு. மரம் அறுக்கிற வேலை. தற்செயலாத்தான் பாத்தேன். உனக்குச் சொன்னா அங்கிருந்தும் போயிடுவேன்னான். என்ன பண்ணுவேன்? பிள்ளையைப் பாக்கணும்னு ஆசைப்பட்டான்."

"பெரியப்பா வீட்டைச் சுத்திப் புல்லு என் தலை உயரத்துக்கு இருக்கு அத்தை" என்றாள் பட்டாணி. சத்தியம் உடைந்துவிட்டதால் அவள் வழக்கம்போல உருண்டோட ஆரம்பித்தாள். "அதுல நானும் அப்பாவும் கண்ணாமூச்சி விளையாடினோம். பெரியப்பா விளையாட வரலை. அவருக்கு அன்னிக்கு உடம்பு சரியில்லை."

டாக்டர் மைக்ராஸ்கோப் விளக்கை அணைக்கப் போனவர் நின்றுவிட்டார். "என்ன உடம்புக்கு?"

"அன்னிக்கு வெறும் உடம்பு வலின்னான்" என்றார் அப்பா. "நேத்து டியூட்டி முடிஞ்சு போனேன். நல்ல ஜுரம். மணிக்கட்டுலயும் கணுக்கால்லயும் சிவப்புச் சிவப்பா புள்ளி. கொசுக் காய்ச்சலா இருக்கும்னு மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்."

"உள்ளங்கையில?" அத்தையும் டாக்டரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அப்பா யோசித்தார். அவர் முகம் வெளிறியது. "இருந்துச்சு."

"உண்ணி இப்படி வாதம் மட்டும் இல்ல, ஜுரமும் கொண்டுவரும்" என்றார் டாக்டர். "இது அதுவா இருக்கலாம். மருந்து இருக்கு, ஆனா சீக்கிரம் ஆரம்பிக்கணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க. இப்பவே போய்க் கூட்டிட்டு வாங்க. குழந்தை என் பொறுப்பு."

"நானும் இவகூடவே இருக்கேன்" என்றாள் அம்மா. "நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க. உங்களை அப்புறமா கவனிச்சுக்கிறேன்" என்பது அப்பாவுக்கு.

அத்தை பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தாள். "நில்லு" என்று அம்மா பின்னாலேயே வந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், வருகிறவர் போகிறவர் பார்க்க, நாத்தனாரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவள் பேன்ட்டின் கால்களை ஒவ்வொன்றாக இழுத்து சாக்ஸுக்குள் சொருகினாள். இடைவெளி இருக்கிறதா என்று சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"புல்லுக்குள்ள போறே. திரும்பி வந்ததும் உன் தலையை நான் பாப்பேன். யார்கிட்டயும் குடுக்காதே."

அத்தை பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

அப்பா டெப்போ நண்பரின் வேனைக் கடன் வாங்கியிருந்தார். வண்டி ஊரைத் தாண்டியது. தூரத்தில் மலை, மாலை வெளிச்சத்தில் நீலமாகத் தெரிய ஆரம்பித்தது.

"அண்ணா" என்றாள் அத்தை. "என்னைப் பாத்தா கதவைத் திறப்பாரா?"

அப்பா கியரை மாற்றினார். ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"திறக்கிறதுக்கு அவன் எழுந்திருக்கணுமே, பாப்பா."